ஆயிரம் வருடம் தாங்க வேண்டிய கல்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு மாணவி கேட்டிருந்தார்: "யுரேனியம் ஆலைக் கழிவைக் குவித்து மூடிவைத்த மேடுகளின் படம் பார்த்தேன். மேலே முழுக்கக் கல்லாகக் கொட்டியிருக்கிறார்கள். கதிர்வீச்சைக் கல்லா தடுக்கும்?" கதிர்வீச்சைத் தடுப்பது அடியில் இருக்கும் களிமண், கல் தடுப்பது மழையை என்று ஒரே பத்தியில் எழுதி முடித்துவிட்டேன். முடியவில்லை என்று வந்த கடிதங்கள் சொல்கின்றன. சரி, இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

முன்னதாக ஒரு வாக்குமூலம். நான் அணுத்துறைக்காரன் இல்லை. முப்பத்திரண்டு வருடம் கரைகளுக்கும் கால்வாய்ச் சரிவுகளுக்கும் கல் பாவியவன். கழிவுமேடுகளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அமெரிக்காவில் அவற்றுக்காக எழுதப்பட்ட வடிவமைப்பு நெறிகளையும் ஆய்வு அறிக்கைகளையும் படித்துத் தெரிந்துகொண்டதுதான். ஓய்வுபெற்ற மனிதர் ராத்திரி படுக்கையில் இதையா படிப்பார் என்று வீட்டில் கேலி உண்டு.

யுரேனியத்தைத்தான் எடுத்துவிட்டார்களே, அப்புறம் அந்த மேட்டுக்குள் பயப்பட என்ன இருக்கிறது? (ஒரு பள்ளி ஆசிரியை)

நல்ல கேள்வி, அம்மா. தாதுவில் யுரேனியம் இருப்பது பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஒரு டன் தாதுவை அரைத்து, அமிலத்தில் ஊறவைத்து, யுரேனியத்தை எடுத்துவிட்டால் ஏறக்குறைய அதே ஒரு டன் மணலும் சேறும் மிச்சம். தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் அந்த மிச்சத்திலேயே தங்கிவிடுகிறது. யுரேனியம் கோடிக்கணக்கான வருடங்களாகச் சிதைந்து பெற்ற பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. தோரியம்-230க்கு அரையாயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைந்து போக ஆகும் காலம், சுமார் 75,000 வருடம். அதிலிருந்து ரேடியம்-226, அரையாயுள் 1,600 வருடம். ரேடியத்திலிருந்து ரேடான் என்னும் வாயு.

ரேடானின் அரையாயுள் 3.8 நாள்தான். இங்கேதான் களிமண்ணின் வேலை. கெட்டித்த களிமண் அடுக்கின் நுண்துளைகளில் புகுந்து புகுந்து மேலே வருவதற்குள் அந்த வாயுவின் பெரும்பகுதி சிதைந்து, திடப்பொருளாகி, வழியிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு 20 பிக்கோகியூரிக்கு (கதிரியக்கத்தை அளக்கும் மிகச் சின்ன அலகு) மேல் ரேடான் வெளியேறக் கூடாது என்பது அமெரிக்க வரம்பு. களிமண் அடுக்கின் கனத்தை இதை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். ஆக அந்தக் கனம் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் மொத்தப் பிரச்சினை. ஒவ்வொரு மழையும் ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு போனால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இந்த மணலைச் சாதாரண மணல் என்று நினைத்து அள்ளிக்கொண்டு போன கதையும் உண்டு. கொலராடோ மாநிலத்தில் கிராண்ட் ஜங்ஷன் என்னும் ஊரில் 1950, 60களில் ஆலை மணலை வீடு கட்ட எடுத்துப் போனார்கள். அஸ்திவாரத்துக்குக் கீழே நிரப்பினார்கள், காங்கிரீட்டில் கலந்தார்கள். பின்னால் 4,000க்கும் மேற்பட்ட இடங்களைத் தோண்டிச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. மழை மட்டுமல்ல, மண்வெட்டியும் ஒரு வகை அரிப்புதான்.

நீரின் வேகம் இரண்டு மடங்கானால் கல்லும் இரண்டு மடங்கு பெரிதாக வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். தப்பு, ஐயா. (ஒரு கட்டடப் பொறியாளர்)

தப்புதான். அவசரத்தில் எழுதியது. வேகம் இரண்டு மடங்கானால் கல்லின் விட்டம் நான்கு மடங்காக வேண்டும். எடையோ விட்டத்தின் மும்மடி, அதாவது 64 மடங்கு. ஒரு கிலோ கல் அசையாமல் நின்ற இடத்தில் 64 கிலோ கல் வேண்டும். வேகத்தின் ஆறாம் அடுக்கு என்று கல்லூரியில் உருப்போட்டதை இந்த வயதில் கோட்டை விட்டேன். மன்னிக்கவும், நன்றி.

இந்த ஆறாம் அடுக்குதான் கழிவுமேட்டின் உருவத்தையே தீர்மானிக்கிறது. சரிவைச் செங்குத்தாக வைத்தால் இடம் மிச்சமாகும், ஆனால் தண்ணீர் வேகமெடுக்கும், கல் பூதாகாரமாகும். அதனால் மேட்டை எவ்வளவு தட்டையாக்க முடியுமோ அவ்வளவு தட்டையாக்குகிறார்கள். அமெரிக்க விதியில், ஐந்தடி கிடைக்கு ஓரடி ஏற்றம் என்பதைவிடச் செங்குத்தான சரிவு பொதுவாகக் கூடாது. பத்தடிக்கு ஓரடி என்று வந்தால் இன்னும் நல்லது. மேட்டின் தலையில் தண்ணீர் நிற்காமல் வழியும் அளவுக்கு மட்டும் லேசான வாட்டம். அங்கே சில அங்குலக் கல் போதும். பக்கச் சரிவில் அதைவிடப் பெரியது. அடிவாரத்தில் எல்லாவற்றிலும் பெரியது.

இவ்வளவு பாடு எதற்கு? நல்ல காங்கிரீட் தளம் போட்டு மூடிவிட்டால் ஒரு சொட்டு இறங்குமா? (ஒரு ஒப்பந்ததாரர்)

இதையே ஒன்பது பேர் வேறு வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில்தான் கோபம் அதிகம் என்பதால் உங்களுடையதை எடுத்துக்கொண்டேன்.

போர்ட்லாண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கிய வருடம் 1824. அந்தப் பொருளுக்கே இப்போதுதான் 200 வயது தாண்டுகிறது. நாம் பேசுவதோ 1,000 வருடம். ரோமானியர் கட்டியது நிற்கிறதே என்பீர்கள். நிற்பவை நிற்கின்றன, விழுந்தவற்றை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

வயதைவிடப் பெரிய விஷயம் வேறொன்று. மேட்டுக்குள் இருக்கும் கழிவு ஒரே சீராக இல்லை. ஓரிடத்தில் மணல், ஓரிடத்தில் வழவழவென்று சேறு. மேலே பாரம் ஏற்றினால் மணல் சீக்கிரம் அமர்ந்துவிடும். சேறு வருடக்கணக்கில் மெல்ல மெல்ல நீரைக் கக்கிக்கொண்டு அமரும். ஆக மேட்டின் முதுகு ஒரு பக்கம் ஓரடி இறங்கி, இன்னொரு பக்கம் இரண்டங்குலம் மட்டும் இறங்கும். காங்கிரீட் பலகை இதற்கெல்லாம் வளைந்து கொடுக்காது. விரிசல் விடும். அந்த விரிசலில் இறங்குகிற தண்ணீர் எங்கே போகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. பலகை மேலே அப்படியே நிற்கும், கீழே பொந்து விழுந்திருக்கும். கொட்டிய கல் அப்படியில்லை. கீழே மண் இறங்கினால் கல்லும் கூடவே இறங்கி இடத்தை நிரப்பும். ஒரு கல் புரண்டால் பக்கத்துக் கல் அந்த இடத்துக்கு வரும். பழுதுபார்க்க ஆள் இல்லாத இடத்தில் தன்னைத்தானே கொஞ்சம் பழுதுபார்த்துக்கொள்ளும் பொருள் வேண்டும். உங்கள் தொழிலில் ஐந்து வருடப் பொறுப்புக்காலம் இருக்கிறது. இதில் அது முடிகிற நாளே கிடையாது.

ஆயிரம் வருடம் என்ற எண்ணை யார், எப்படிப் பிடித்தார்கள்? (ஒரு புள்ளியியல் மாணவர்)

அமெரிக்க நாடாளுமன்றம் 1978இல் யுரேனியம் ஆலைக் கழிவுகளுக்கென்று ஒரு சட்டம் போட்டது. அதை ஒட்டி வந்த தரவிதி சொல்வது இது: நியாயமாக முடிகிற வரை 1,000 வருடத்துக்குத் தாங்க வேண்டும், எப்படியானாலும் 200 வருடத்துக்குக் குறையக் கூடாது. அதோடு தொடர்ந்து பராமரித்தால்தான் நிற்கும் என்ற நிலையும் கூடாது. தோரியத்தின் 75,000 வருடத்தோடு வைத்துப் பார்த்தால் ஆயிரம் என்பது முன்பணம் மாதிரிதான். ஆனால் அதற்கு மேல் ஆறும் மழையும் எப்படி இருக்கும் என்று எந்தப் பொறியாளனும் கையெழுத்துப் போட மாட்டான்.

நீங்கள் புள்ளியியல் படிப்பதால் ஒரு கணக்கு. நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கு மேட்டைக் கட்டினோம் என்று வையுங்கள். ஏதாவது ஒரு வருடத்தில் அதை மிஞ்சிய வெள்ளம் வர வாய்ப்பு நூற்றில் ஒன்று. 200 வருடத்தில் ஒரு தடவையாவது வர வாய்ப்பு? 0.99ஐ 200 முறை பெருக்கி ஒன்றிலிருந்து கழியுங்கள். 87 சதவீதம். சரி, ஆயிரம் வருட வெள்ளத்துக்கே கட்டுவோம் என்றால், ஆயிரம் வருடத்தில் அதை மிஞ்சுவதற்கு 63 சதவீத வாய்ப்பு. பாதிக்கு மேல் தோல்வி! அது போக, எண்பது வருட மழைப் பதிவை வைத்துக்கொண்டு ஆயிரம் வருட மழையை எண்ணாக எழுதுவதே ஒரு துணிச்சல்.

அதனால் இந்த வேலையில் அந்த வழியை விட்டுவிட்டு வேறு கேள்வி கேட்கிறார்கள். இந்த இடத்தின் மேலே உள்ள காற்றால் அதிகபட்சம் எவ்வளவு ஈரத்தைச் சுமக்க முடியும், அது மொத்தமும் ஒரே மூச்சில் கொட்டினால் எவ்வளவு? வானிலையாளர் இதைச் சாத்தியமான உச்ச மழை என்பார்கள். பெரிய அணைகளின் வழிந்தோடிக்குப் போடும் அதே கணக்கு. வறண்ட பீடபூமியில், வருடத்துக்குப் பத்து அங்குலம்கூடப் பெய்யாத இடத்தில், இந்த மழைக்குக் கல் அளவெடுப்பதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். நானும் முதலில் சிரித்தேன். மேலே போட்ட கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை.

காவலுக்கு ஆள் போட்டு வருடா வருடம் மண் போட்டால் போதாதா?

ஆயிரம் வருடத்துக்குச் சம்பளம் கொடுக்கப்போகும் அரசாங்கத்தின் பெயரைச் சொல்லுங்கள், போட்டுவிடலாம்.

தண்ணீர் மேலிருந்து கீழே ஓடுகிறது. அப்படியானால் அரிப்பும் மேலிருந்துதானே ஆரம்பிக்கும்? அடிவாரத்தில் ஏன் பெரிய கல்? (ஒரு விவசாயி)

ஐயா, வயலுக்குப் பக்கத்தில் ஓடை இருந்தால் நீங்களே இதைப் பார்த்திருப்பீர்கள். ஓடை தன் அடியை ஆழமாக்கிக்கொள்ளும்போது, அதில் வந்து சேரும் சின்ன வாய்க்காலின் வாயில் ஒரு படி உண்டாகும். அந்தப் படியிலிருந்து தண்ணீர் குதித்து, படியின் அடியைக் குடையும். மேல்விளிம்பு தொங்கும், இடிந்து விழும். படி ஒரு முழம் பின்னால் போகும். அடுத்த மழையில் இன்னொரு முழம். தண்ணீர் கீழே போகப் போக, பள்ளத்தின் தலை மேலே மேலே ஏறிக்கொண்டே வரும். கால் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஓடை நமக்கு என்ன செய்யும் என்று இருந்தால், ஐம்பது வருடத்தில் அது மேட்டின் காலடியில் வந்து நிற்கும்.

மேட்டின் தலையில் பெய்த மழை சரிவு முழுவதும் ஓடி வேகமெடுத்து வந்து சேரும் இடமும் அடிவாரம்தான். கல் முடிந்து வெறும் மண் தொடங்கும் அந்தக் கோட்டில்தான் குழி விழும். அதனால் அங்கே கல்லைத் தரைக்குக் கீழேயும் இறக்கி, வெளியே ஒரு பாவாடை மாதிரி நீட்டி விடுவார்கள். அளவுக்கு மேல் கல்லைக் குவித்து வைப்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது. பள்ளம் ஏறி வந்து பாவாடையின் விளிம்பைத் தொட்டால், அடி மண் போகப் போக, கல் தானாகச் சரிந்து பள்ளத்தின் முகத்தில் விழுந்து அதை மூடும். யாரும் வந்து தள்ள வேண்டியதில்லை. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: ஆபத்து வரும் வரை சும்மா கிடந்து, வந்ததும் தானே எழுந்து போய் நிற்கும் கல்.

அடுத்தது ஆறு. ஆற்றோடு கல்லை வைத்து மல்லுக்கட்டுவதைவிட விலகிப் போவது மேல் என்று சில இடங்களில் முடிவெடுத்திருக்கிறார்கள். யூட்டாவில் மோவாப் என்னும் ஊருக்குப் பக்கத்தில் கொலராடோ ஆற்றங்கரையிலேயே 1.6 கோடி டன் கழிவு குவிந்து கிடந்தது. இருந்த இடத்திலேயே மூடிக் கல் போடலாம் என்றுதான் முதலில் திட்டம். ஆனால் ஆறு தன் படுகையை மாற்றிக்கொள்ளும் ஜாதி. கடைசியில் 2005இல், மொத்தத்தையும் 30 மைல் வடக்கே கிரசென்ட் ஜங்ஷன் என்ற இடத்துக்குக் கொண்டுபோவது என்று முடிவானது. 2009இலிருந்து ரயிலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஒரு மலையை ரயிலில் ஏற்றுவதுதான் சில நேரம் மலிவான அரிப்புத் தடுப்பு.

எந்தக் கல்லும் கல்தானே? நல்ல கல்லை எப்படிக் கண்டுபிடிப்பது? (ஒரு குவாரி மேற்பார்வையாளர்)

நீங்கள் சும்மா கேட்கிறீர்கள். பதில் உங்கள் கையில் இருக்கும் சுத்தியலுக்கே தெரியும். கல்லைத் தரையில் வைக்காமல் இன்னொரு கல்லின் மேல் வைத்துத் தட்டுங்கள். கணீரென்று சத்தம் வந்து சுத்தியல் துள்ளினால் பரவாயில்லை. பொத்தென்று விழுந்தால் உள்ளே கீறல் இருக்கிறது அல்லது கல் இற்றுப்போயிருக்கிறது. பிறகு உடைத்த புது முகத்தை நாக்கால் தொட்டுப் பாருங்கள். நாக்கு ஒட்டினால் கல் தண்ணீர் குடிக்கிற கல். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி இப்படித்தான் லாரி லாரியாகத் திருப்பி அனுப்புவார்.

ஆய்வுக்கூடத்தில் இதையே மரியாதையாகச் செய்கிறார்கள். அடர்த்தி எவ்வளவு, எவ்வளவு நீர் உறிஞ்சுகிறது என்று பார்க்கிறார்கள். இரும்புக் குண்டுகளோடு பீப்பாயில் போட்டு உருட்டினால் எவ்வளவு பொடியாகிறது என்று அளக்கிறார்கள். சோடியம் சல்பேட் கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, மறுபடி ஊறவைத்து ஐந்து சுற்று. உப்பு கல்லின் துளைகளுக்குள் படிகமாகி, பனி உறைவது மாதிரி உள்ளிருந்து நெம்பும். பலவீனமான கல் தோல் தோலாக உரியும். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் நெறியில் இந்தச் சோதனைகளுக்கெல்லாம் மதிப்பெண் உண்டு. 100க்கு 80 வாங்கினால் கணக்கில் வந்த அளவிலேயே போடலாம். குறைந்தால், 80க்கு எத்தனை குறைகிறதோ அத்தனை சதவீதம் விட்டத்தைக் கூட்ட வேண்டும். கணக்கு 20 சென்டிமீட்டர் கேட்கிறது, கல் 70 மதிப்பெண் என்றால் 22 சென்டிமீட்டர் கல் போட வேண்டும். உரிந்து போகப்போவதை முன்கூட்டியே சேர்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். 50க்குக் கீழே போனால் கல்லே வேண்டாம். எப்போதும் ஈரமாய்க் கிடக்கும் இடங்களுக்கு 65க்குக் கீழே ஆகாது.

இத்தனைக்குப் பிறகும் சறுக்கும். ஒரிகான் மாநிலத்தில் லேக்வியூ என்னும் இடத்தில் ஒரு மேடு. சரிவில் பசால்ட் கல், எரிமலைக் குழம்பு இறுகி உண்டாகும் கெட்டிக் கல். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் அந்தக் கல் பிளந்து சிறுக்கத் தொடங்கியது. பசால்ட் என்ற பெயரை வைத்து ஏமாறக் கூடாது. ஒரே குவாரியில் ஒரு முகம் இரும்பாகவும், பக்கத்து முகம் களிமண் ஊறிய பிஸ்கட்டாகவும் இருக்கும். அதனால் அங்கே வருடா வருடம் கல்லை எண்ணி, அளந்து, நடுத்தர அளவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பதிவு செய்துவந்தார்கள். படிக்க அலுப்பான அட்டவணைதான். எனக்கு என்னவோ துப்பறியும் கதை மாதிரி இருந்தது.

குவாரிக்காரருக்குத் தெரியாத ஒன்றும் சொல்கிறேன். பாலைவனங்களில் சில கற்களின் மேல் கருப்பாக மெருகு ஏறியிருக்கும். இரும்பும் மாங்கனீசும் கலந்த மெல்லிய பூச்சு. அது ஏற ஆயிரக்கணக்கான வருடம் ஆகும். அப்படி மெருகேறி வெயிலில் கிடக்கும் கல்லைவிட நல்ல சான்றிதழ் எந்த ஆய்வுக்கூடமும் தர முடியாது.

கல்லுக்குப் பதில் புல்லும் மரமும் வளர்த்தால் என்ன? வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளாதா? (ஒரு இயற்கை ஆர்வலர்)

இந்தக் கேள்விக்கு என் பதில் பத்து வருடத்துக்கு முன்பு வேறு மாதிரி இருந்திருக்கும். அன்றைக்குக் கேட்டிருந்தால், கழிவுமேட்டின் மேல் முளைக்கும் ஒவ்வொரு செடியும் எதிரி என்று எழுதியிருப்பேன்.

கல் அடுக்கு அரிப்பைத் தடுக்கிறது, உண்மை. ஆனால் அது இன்னொரு வேலையும் செய்கிறது, அதை யாரும் கேட்கவில்லை. கல்லுக்கு அடியில் வெயில் படாது, காற்றுப் படாது. இறங்கிய மழை ஆவியாகத் திரும்பிப் போக முடியாமல் அங்கேயே தங்கும். காற்று கொண்டுவரும் தூசி கல் இடுக்கில் படியும். ஈரம், தூசி, நிழல். விதைக்கு இதைவிட என்ன வேண்டும்? வெறும் மண்ணில் முளைக்காத ஆழவேர்ச் செடியெல்லாம் கல் நடுவில் முளைக்கிறது. பென்சில்வேனியாவில் பரல் என்னும் மேட்டில் ஜப்பானிய நாட்வீட் என்ற அடங்காத செடி கல்லைப் பிளந்துகொண்டு வளர்ந்து, வேரைக் களிமண் அடுக்குக்குள்ளேயே இறக்கியது. வேர் போன இடங்களில் களிமண் தண்ணீரைப் பல மடங்கு அதிகமாக உள்ளே விட்டது. மருந்தடித்து அழித்துப் பார்த்தார்கள். பிறகு ஆபத்து எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, பாதகமில்லை, வளரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆக ஓடும் தண்ணீரைத் தடுக்கப் போட்ட கல், இறங்கும் தண்ணீருக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. அரிப்பு மட்டும் தெரிந்த என்னைப் போன்றவர்கள் வடிவமைத்தால் இப்படித்தான் ஆகும். மண்ணறிவியல்காரரும் தாவரவியல்காரரும் அதே மேஜையில் உட்கார வேண்டும்.

யூட்டாவில் மாண்டிசெல்லோ என்ற இடத்தில் அப்படி உட்கார்ந்து செய்த மேடு இருக்கிறது. கனமான மண் அடுக்கு, பஞ்சு மாதிரி குளிர்கால ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. மேலே அந்தப் பகுதியிலேயே விளையும் சேஜ்பிரஷ் புதர். வெயில் காலத்தில் புதர் அந்த ஈரத்தை உறிஞ்சி வானத்துக்கே திருப்பி அனுப்புகிறது. மேல் மண்ணில் சரளையைக் கலந்துவிட்டிருக்கிறார்கள். காற்றும் மழையும் மேலே இருக்கும் மண்ணைக் கொஞ்சம் கொண்டுபோனால், சரளை மட்டும் மிஞ்சித் தானே ஒரு தோலாகிவிடும். கல்லா செடியா என்றால், அங்கே இரண்டும்.

ஆனால் எல்லா இடத்துக்கும் இது ஆகாது. சரிவு அதிகமான பக்கத்தில், ஒரு வறட்சியில் செடி முழுக்கக் கருகி, அடுத்த வாரமே பெருமழை வந்தால் வேர் மட்டும் என்ன செய்யும்? அங்கே எனக்குக் கல்தான் வேண்டும்.

கல் போட்ட மேட்டில் கல் அப்படியே இருக்க, மேடு மட்டும் கெட்டுப்போகுமா? (ஒரு பாலிடெக்னிக் மாணவி)

போகும். எனக்கே நடந்திருக்கிறது. வேலையில் சேர்ந்த நாலாவது வருடம் ஒரு கரைக்கு அலைக்கல் பாவினோம். கல் முதல் தரம். மட்டம் பார்த்து, கோடு பிடித்து, ஒவ்வொன்றாக ஆப்புக் கல் அடித்துப் பாவியது. கல்லுக்கு அடியில் சரளை அடுக்கு ஆறு அங்குலம் போட வேண்டும். சரளை வரத் தாமதம், மழைக்காலம் நெருங்குகிறது, மேலே இருந்தவர் "கல்லைப் போடு, பார்த்துக்கலாம்" என்றார். போட்டோம். இரண்டு மழைக்காலம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது வருடம் சரிவில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு கல் காலுக்கடியில் ஆடியது. கடப்பாரையால் நெம்பித் தூக்கினேன். கீழே மண் இல்லை. தோள் வரை கையை விட்டேன், விரல் நுனியில் ஈரக் காற்றுத்தான் பட்டது. பக்கத்துக் கற்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வளைவு மாதிரி நின்றன. வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கரை புகைப்படம் எடுக்கலாம் போல இருந்தது.

நடந்தது இதுதான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஒவ்வொரு அலையும் உள்ளே போய் வெளியே வரும்போது ஒரு சிட்டிகை மண்ணைக் கொண்டுவரும். சரளை இருந்திருந்தால் அதன் சின்ன இடுக்கு மண்ணை விடாது, பெரிய கல்லின் இடுக்கு சரளையை விடாது. மண், மணல், சரளை, கல் என்று ஒவ்வொன்றும் தனக்குக் கீழே உள்ளதைப் பிடித்துக்கொள்ளும் அளவில் ஏற வேண்டும். நடுவில் ஒரு படி விட்டுப்போனால் மேலே எவ்வளவு பெரிய கல் வைத்தும் பயன் இல்லை. கல் பெரிதாகப் பெரிதாக இடுக்கும் பெரிதாகும் என்பதால் கெடுதல்தான்.

யூட்டாவில் மெக்சிகன் ஹாட் என்ற மேட்டின் சரிவில் கல்லுக்கு அடியிலிருந்த ரேடான் தடுப்பு மண் அரித்துப்போய், மேலே கல் பரப்பில் பள்ளங்கள் தெரிந்தன. அறிக்கையில் அந்தப் பள்ளங்களின் படத்தைப் பார்த்ததும் என் தோள் வரை ஈரக் காற்று பட்டது. கல் எங்கேயும் போகவில்லை, வெறுமனே கொஞ்சம் இறங்கியிருந்தது. ஒரு வகையில் கொட்டிய கல்லின் நல்ல குணம் அது. என் கரையில் ஆப்படித்துப் பாவிய கல் பொந்தை மூன்று வருடம் மறைத்தது. அங்கே கொட்டிய கல் இறங்கிக் காட்டிக்கொடுத்தது.

1979இல் அமெரிக்காவில் யுரேனியக் கழிவு அணை உடைந்ததே, அதுவும் இப்படிக் கல் போட்ட மேடுதானா?

இல்லை. நியூ மெக்சிகோவில் சர்ச் ராக் என்னும் இடத்தில் ஜூலை 16ஆம் தேதி விடிகாலையில் உடைந்தது, ஆலை ஓடிக்கொண்டிருந்தபோதே பயன்பாட்டில் இருந்த திறந்த கழிவுக்குளம். மண் அணையில் விரிசல் முன்பே தெரிந்திருந்தது. 9.4 கோடி கேலன் அமிலக் கழிவுநீரும் 1,100 டன் கழிவுமணலும் புவெர்கோ ஆற்றில் போய்ச் சேர்ந்தன. அதைப் பற்றித் தனியாகவே ஒரு பக்கம் எழுதவேண்டும்.

கல் போடும் வேலை நடக்கும்போது மேற்பார்வையாளர் எங்கே நிற்க வேண்டும்? (அதே பாலிடெக்னிக் மாணவி, இரண்டாவது கடிதம்)

சரிவின் உச்சியில் நிற்காதீர்கள், அங்கேதான் எல்லாரும் நிற்பார்கள். டிப்பரை உச்சியில் நிறுத்திக் கொட்டினால் பெரிய கல் உருண்டு அடிக்குப் போய்விடும், பொடிக்கல் மேலேயே தங்கும். லாரியில் ஏறும்போது சரியாக இருந்த கலவை சரிவில் இரண்டாகப் பிரிந்திருக்கும். நடுச்சரிவுக்கு இறங்குங்கள். இரண்டு மீட்டர் சதுரம் ஒன்றைச் சுண்ணாம்பால் குறித்து, அதற்குள் இருக்கும் கல் அத்தனையையும் எடுத்து அளவு வாரியாக அடுக்கச் சொல்லுங்கள். கடைசிக் கல்லையும் எடுத்த பிறகு கீழே சரளை தெரிகிறதா, மண் தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். மண் தெரிந்தால், அன்றைக்குக் கொட்டியது முழுவதையும் எடுக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.